ஆனந்தவள்ளி வண்டியில் ஒரு சத்தம்

போனிலேயே வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற புருஷன்மாரைக் கண்டால் எனக்கு ஆகாது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் கிடக்கிறேன். அதில் பதினோரு வருஷம் சவுதியில், தம்மாமில் போயிற்று, மற்றதெல்லாம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி இருக்கிற இந்த ஷெட்டில்தான். பெண்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாவியைத் தருவதற்கு முன்னால் போனை நீட்டுவார்கள். "எங்க வீட்டுக்காரரு பேசுதாரு" என்பார்கள். மறுமுனையில் துபாயிலோ ஓசூரிலோ உட்கார்ந்துகொண்டு, வண்டியைக் கண்ணால் கண்டு இரண்டு வருஷமான ஒரு மனிதர் எனக்குப் பாடம் நடத்துவார். "சரி சார், சரி சார்" என்று கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

ஆனந்தவள்ளி ஜூன் முதல் வாரத்தில் வந்தாள், சாரல் பிடித்த மறுநாள். அவளை எனக்கு முன்னமே தெரியும். தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை ஐந்தரைக்கு இலத்தூரிலிருந்து கிளம்பி, ஐஸ் பெட்டியை முன் சீட்டில் வைத்துக்கொண்டு, வடகரை, இலஞ்சி, குற்றாலம் என்று வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கிற சர்க்கரைக்காரர்களிடம் ரத்தம் எடுப்பாள். அந்தக் காத்திருப்போரில் நானும் ஒருவன். நரம்பைத் தேடி இரண்டு மூன்று இடத்தில் குத்துகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஒரே குத்துதான். அதிகம் பேசவும் மாட்டாள். "கையை மடக்குங்க, பஞ்சைப் பிடிங்க, வாரேன்" என்று ஐந்தே வார்த்தையில் வேலையை முடித்துவிடுவாள். "அல்வா சாப்பிட்டியளோ?" என்று ஒருமுறை கேட்டாள். இல்லையென்று சத்தியம் பண்ணினேன். "ரிப்போர்ட் வரட்டும்" என்று போய்விட்டாள். வந்தது ரிப்போர்ட்டு. அதை விடுங்கள்.

அவள் வண்டி வெள்ளை மாருதி 800, தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மாடல். புருஷன் உச்சிமாகாளி பட்டாளத்தில், காஷ்மீரில் இருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது இந்த வண்டியை யாரிடமோ வாங்கி, என்னிடம் கொண்டுவந்து எல்லாம் பார்த்துச் சரி பண்ணிக்கொண்டான். விடிகிற நேரத்தில் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்பது அவன் கணக்கு. இலத்தூர் குளக்கரையில் வைத்து இருபது நாளில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, இருபத்தோராம் நாள் ரயிலேறினான்.

"அண்ணே, வண்டியில ஒரு சத்தம் வருது. அவுக பெல்ட்டுன்னு சொல்லுதாக. பெல்ட்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள்.

"மாகாளி லீவுல வந்திருக்கானா?"

"இல்லண்ணே, அங்கனதான் இருக்காக. போன்ல கேட்டாக."

"காஷ்மீருல இருந்து பெல்ட்டு தெரியுதாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரனாக என்னை ஆக்கிவிட்டாளே என்று, இன்ஜினைக் காது கொடுத்துக்கூடக் கேட்காமல், சொன்னபடி பெல்ட்டை மாற்றி அனுப்பினேன். அது என் தப்பு. இந்தக் கதையில் என் தப்பும் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை பிளக். "பிளக்குலதான் இருக்கும்னு அவுக சொல்லுதாக." மூன்று பிளக்கையும் மாற்றினேன். ஜூலை பிறந்ததும் மூன்றாம் தடவை வந்தாள். "டேப்பெட் செட்டிங் பாக்கணுமாம் அண்ணே."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "தங்கச்சி, உன்கிட்ட எவனாவது வந்து 'போன்ல டாக்டர் சொன்னாரு, முட்டியில இருந்து ரத்தம் எடு'ன்னா எடுப்பியா? சாவியைக் குடுத்துட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு" என்றேன்.

இன்ஜினை ஓடவிட்டேன். மாவு தீர்ந்தபிறகும் சும்மா சுற்றுகிற கிரைண்டர் மாதிரி ஒரு கரகரப்பு. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் அதுவும் கூடவே ஏறியது. நீளத் திருப்புளியின் நுனியை அங்கங்கே வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். முன்பக்கம்தான் வந்தது. பெல்ட்டைக் கழற்றி அரை நிமிஷம் ஓடவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. அப்படியானால் இன்ஜினுக்குள்ளே ஒன்றும் இல்லை, பெல்ட் சுற்றுகிற இரண்டில் ஒன்றுதான். அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. வாட்டர் பம்ப்பைப் பிடித்து அசைத்தேன், ஆறு வயதுப் பிள்ளையின் பல் மாதிரி ஆடியது. கீழே துருத்தண்ணீர் வழிந்த கறையும் இருந்தது. மொத்தம் கால் மணி நேர வேலை. முதல் நாளே கோபப்படாமல் செய்திருக்க வேண்டியது.

"வாட்டர் பம்ப் பேரிங் போயிட்டு. இப்படியே ஓட்டினா ஒருநாள் தண்ணி முழுக்க இறங்கிரும், இன்ஜின் சூடாகி ஹெட்டு போயிரும். அதுக்கப்புறம் இந்த வண்டிக்குச் செலவழிக்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன். மாத்திரலாம், ரெண்டு நாள் விட்டுட்டுப் போ."

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. நோயைக் கண்டுபிடித்துச் சொன்னால் யாரும் முதலில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். இவள் செல்போனில் மணி பார்த்தாள். "ஆறாகப் போகுது. அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

மாகாளிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போன் கைக்கு வருமாம். அவன் இருக்கிற இடத்தில் நெட் வராது. வண்டிச் சத்தத்தை இவள் வீடியோ எடுத்து அனுப்பிப் பார்த்திருக்கிறாள், நாலு நாளாக அது சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. வெறும் பேச்சுதான் போகும். அன்றைக்கு என் கண்முன்னாலேயே பேசினாள். பெல்ட்டை மறுபடி மாட்டச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பானெட்டுக்குள் போனை நீட்டி, மறு கையால் ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்துக்கொண்டு பேசினாள்.

நான் அந்த ஆனந்தவள்ளியை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. "கேக்குதா? இப்ப லேசா இருக்கு. காலைல வடகரைல ஏத்தத்துல ஏறும்போது இன்னும் கரகரன்னு வந்துச்சு. அங்கன ஒரு தென்னந்தோப்பு இருக்குல்லா, நீங்க வண்டியை நிறுத்தி எளனி வாங்கிக் குடுத்தியளே, அந்த இடத்துல. இலஞ்சிக்கு வாரதுக்குள்ள கொறைஞ்சிட்டு. இன்னிக்கி நல்ல சாரல். கண்ணாடிய இறக்க முடியல. கோமதி பள்ளிக்கூடத்துக்குப் போமாட்டேன், அருவிக்குப் போவணும்னு அழுதா. அத்தை எலுமிச்சம்பழத்தை வண்டியைச் சுத்தி ரோட்டுல போட்டாக, கண்ணு பட்டுட்டாம், அதான் இந்தச் சத்தமாம். இப்ப பாருங்க, ஆக்ஸிலரேட்டர் குடுக்கேன். கேக்குதா?"

"ம், நல்லாக் கேக்குது" என்றான் அவன். "டேப்பெட்டுதான். இன்னும் ஒருக்கா குடு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டக்டக்கென்று தட்டுகிற டேப்பெட் சத்தத்துக்கும் கரகரக்கிற பேரிங் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்ன காதை வைத்திருக்கிறான்! அவள் பதினைந்து நிமிஷம் பேசிவிட்டு வைத்தாள். முகம் அப்போதுதான் தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது.

"வண்டியை நான் கொண்டு போறேன் அண்ணே. இருபதாந்தேதி அவுக லீவுல வாராக. மூணு சீசனா வரணும்னு சொல்லி வர முடியல. இந்தத் தடவை வந்து, அவுக கையாலயே பாத்துட்டு, அதே வண்டில எல்லாரும் குத்தாலம் போவோம்னு சொல்லிருக்காக."

"அதுக்குள்ள ரோட்டுல நின்னுட்டா?"

அவள் பானெட்டை மூடினாள். பிறகு, ரத்தம் எடுக்கிறபோது என் கையைப் பார்ப்பாளே, அப்படிக் கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, கல்யாணமாகி ஒம்பது வருசம். சேந்து இருந்தது ரெண்டு வருசம்கூட வராது. போன் போட்டா சாப்பிட்டியா, பிள்ளை படிச்சாளா, அம்மா நல்லாருக்காகளா. அவ்வளவுதான். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. சத்தம் வந்ததுக்கப்புறந்தான் தெனமும் நான் என்ன பண்ணுதேன், எந்த ரோட்டுல போறேன்னு எல்லாம் கேக்காக. இதுவும் சரியாயிட்டுன்னா என்கிட்ட அவுக என்னத்தைக் கேப்பாக?"

கரகரத்துக்கொண்டே வண்டி போயிற்று. எனக்குக் கோபம் போகவில்லை.

அந்தப் பம்ப் தாங்காது என்று எனக்குத் தெரியும். எப்படியும் என்னிடம்தான் வந்து நிற்கப்போகிறது, வாங்கி வைத்துவிடுவோம் என்று மறுநாள் காலையில் தென்காசிக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிங்ஸ்லி பம்ப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, இலஞ்சில நிக்கேன். சத்தம் ரொம்பக் கூடிட்டு. பானெட்டுகிட்ட பிடிக்கேன், கேளுங்க."

கேட்டேன். பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி அவள் குரல் தெளிவாக இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

"இன்ஜினை அணைச்சிட்டியா?"

"இல்லண்ணே, ஓடிக்கிட்டுதான இருக்கு. ஆக்ஸிலரேட்டரும் குடுக்கேன்."

"எனக்கு ஒரு சத்தமும் வரல தங்கச்சி. உன் பேச்சு மட்டுந்தான் கேக்குது."

"கொஞ்சங்கூடவா கேக்கல?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, "சரிண்ணே, வச்சிருதேன். மெதுவா வந்துருவேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு கிங்ஸ்லி சிரித்தான். "அண்ணாச்சி, இப்ப வர்ற போனெல்லாம் அப்படித்தான். ஆள் பேசுறதை மட்டும் அனுப்பும். பின்னால ஒரே மாதிரி ஓடிக்கிட்டிருக்க ஃபேன் சத்தம், மோட்டார் சத்தமெல்லாம் அதுவே வெட்டிப்போட்டுரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகத் தினமும் ஆறு மணிக்கு "நல்லாக் கேக்குது" என்று சொன்ன அந்த மாகாளிக்கு ஒரு நாள்கூட அந்தச் சத்தம் கேட்டிருக்காது. குருட்டாம்போக்கில் ஒரு பெல்ட், மூன்று பிளக், அடுத்து டேப்பெட்!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவன் நம்பர் என் போனில் 'இலத்தூர் 800' என்று இருந்தது. சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"தம்பி, மெக்கானிக் சலீம் பேசுதேன். உண்மையைச் சொல்லணும். உங்க வண்டிச் சத்தம் உங்களுக்கு என்னிக்காவது கேட்டுச்சா?"

காற்றுச் சத்தம்கூட இல்லை. அதையும்தான் அந்தப் போன் வெட்டியிருக்குமே. பிறகு சொன்னான்.

"கேக்கலண்ணாச்சி. முத நாளு கேக்கலன்னுதான் சொன்னேன். சரி அப்ப வச்சிருதேன்னுட்டா. ரெண்டு நிமிசங்கூட ஆகல. மறுநாளும் பிடிச்சா. கேக்குதுன்னு சொன்னேன். இருவது நிமிசம் பேசுனா அண்ணாச்சி. எந்தெந்த ரோட்டுல போனா, எங்கன சாரல் அடிச்சுது, குளத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு, எல்லாம் சொன்னா. ஒம்பது வருசத்துல அவ அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. அதான் தெனமும் ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிக்கிட்டே இருந்தேன். பெல்ட்டு, பிளக்குன்னு."

வைது தீர்க்கத்தான் போன் போட்டிருந்தேன். எனக்குத் தம்மாம் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, போன் கார்டு வாங்கி வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவேன். எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் காலத்துப் போனில் எல்லாம் வரும். குக்கர் விசில் வரும், பக்கத்து வீட்டுக் கோழி வரும், ஜூன் ஜூலையில் எங்கள் தகரக் கூரையில் விழுகிற சாரலும் வரும். "சாரலா?" என்பேன். "ஆமா" என்பாள். "கொஞ்ச நேரம் அப்படியே பிடி" என்பேன். கார்டு தீருகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பாலைவனத்தில் எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. மாகாளிக்கு அந்தச் சாரலும் கிடையாது. அவள் போன் அவள் குரலைத் தவிர எதையும் அவனிடம் கொண்டுபோவதில்லை.

"தம்பி, அது வாட்டர் பம்ப். விடிகாலைல தனியாப் போற பிள்ளை, வண்டி ரோட்டுல நின்னுரும். நான் சொன்னா கேக்கமாட்டேங்கா. இருவதாந்தேதி நீங்க வந்து பாப்பீங்கன்னு நிக்கா."

"லீவு இல்லன்னுட்டாங்க அண்ணாச்சி. நாலு நாளாச்சு. அவகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "பம்ப்பை மாத்த இன்னிக்கே சொல்லிருதேன்" என்றான்.

மறுநாள் காலை ரத்தச் சுற்று முடிந்ததும் அவள் வண்டியோடு வந்தாள். "அவுக கண்டுபிடிச்சிட்டாகண்ணே. வாட்டர் பம்ப்பாம். மாத்திருங்க" என்றாள்.

நான் இரண்டு நாளைக்கு முன்னால் சொன்னது. முப்பது வருஷத்தில் நான் கண்டுபிடித்ததை இன்னொருத்தன் பேரில் எழுத நான் விட்டதே கிடையாது. "உங்க வீட்டுக்காரருக்கு நல்ல காது" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். இலஞ்சியிலிருந்து எனக்குப் போன் பண்ணினவள்தானே, போனில் அந்தச் சத்தம் போகாது என்று அவளுக்கும் தெரியும். "ஆமாண்ணே, நல்ல காது" என்று சொல்லி, சாவியை வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வண்டியின் முன்பக்கத்தைப் பாதி பிரித்துப் போட்டு இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வந்தபோது இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினேன். அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் தளும்பாது, அப்படி ஓடியது. அவள் பானெட்டைத் திறந்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு அவன் கூப்பிட்டான். பழக்கதோஷம், ஸ்பீக்கரில் போட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கோமதி படிச்சாளா?"

"படிச்சா."

"அம்மா?"

"நல்லாருக்காக."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

அவ்வளவுதான். வேறொன்றும் வரவில்லை. என் வேலை சுத்தமாக இருந்ததற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். நகர்ந்து போய்விடலாமென்று பார்த்தேன், வெளியே சாரல் வலுத்திருந்தது.

"ஆனந்தி" என்றான். "லீவு இல்லன்னுட்டாக. இந்த சீசனும் வர முடியாது."

அவள் அழவில்லை. போனைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் இறங்கியது. இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு மெதுவாகக் குரல் வந்தது.

"ஆனந்தி, இன்னும் லேசா ஒரு சத்தம் வருதே. எனக்கு இங்கன கேக்குது."

அவள் இன்ஜினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இல்லாத கோளாறை இருக்கிறதென்று சொல்கிறவர்களை இந்த ஷெட்டில் நான் நிற்கவிட்டதே இல்லை. ஸ்டூலை எடுத்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுச் சாரலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

"ஆமா" என்றாள் ஆனந்தவள்ளி, உட்கார்ந்துகொண்டே. "எனக்கும் கேக்குது."

"எந்தப் பக்கம் வருது?"

"அது போன்ல சொல்ல வராது. நீங்க வந்துதான் பாக்கணும்."